ஒரு நம்பருக்கு ஒரு பாட்டு

என் பெரியப்பா எட்மண்டை நான் 'ஆப்ஜெக்ட்' ஆக்கியது வேண்டுமென்று செய்ததல்ல. அதற்கப்புறம் செய்ததெல்லாம் வேண்டுமென்றே செய்தது.

எங்கள் சர்ச்சில் டிசம்பர் பிறந்தால் கேரல் ரவுண்டு. கொயர் பாடகர்கள் எங்கள் தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீஃப்ஸ் முழுக்க லைன் லைனாக, வீட்டு வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாடுவார்கள். எந்த நாள் எந்த லைன், எந்த வீட்டில் யார் யார் என்று ஒரு தாளில் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது வழக்கம். தன் வீட்டைக் கடைசியில் போட்டுவிட்டார்கள் என்று வருஷா வருஷம் யாராவது ஒரு புண்ணியவான் அதைக் கிழித்துவிடுவார். இந்த முறை கிழிக்க முடியாத இடத்தில் போடலாம் என்று பாஸ்டர் சாம்ராஜுக்குத் தோன்றியது. தினமும் பெங்களூருக்கு ட்ரெயினில் போய் வெப்பேஜ் எழுதிச் சம்பாதிக்கிறவள் சபையில் நான் ஒருத்திதான். "பியூலா, சும்மா ஒரு டேபிள் தானேம்மா" என்றார். இந்த 'சும்மா ஒரு' என்று ஆரம்பிக்கிற வேலையைப் போல எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறில்லை.

அது சும்மா ஒரு டேபிள் இல்லை. நாளுக்குள் லைன், லைனுக்குள் வீடு, வீட்டுக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆட்கள். பட்டியலுக்குள் பட்டியல். எங்கள் தொழிலில் இதை நெஸ்டட் அரே என்போம். ஒவ்வொரு பட்டியலையும் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டத்தில் வைக்க வேண்டும். திறக்காமல் அப்படியே தூக்கிப் போட்டால் பிரவுசர் பெயரைக் காட்டாது, 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று இங்கிலீஷில் காட்டும். ட்ரெயினில் நின்றபடி அவசரத்தில் போன வருஷப் பட்டியலை வைத்து நான் ஏற்றிய முதல் பக்கத்தில் அதுதான் நடந்தது. எல்லா வீட்டிலும் ஆப்ஜெக்ட்டுகளே குடியிருந்தன. பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா மட்டும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா இது? கமிட்டி செக்ரட்டரிய ஆப்ஜெக்ட்னு போட்டுக்கீறே. உங்கப்பன் சொல்லிக் குடுத்தானா?"

"டாடிக்கு இதெல்லாம் தெரியாது பெரிப்பா. சாய்ங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பண்ணு. படிச்ச திமிரை வூட்ல கழட்டி வச்சிட்டு சர்ச்சுக்கு வா."

அவர் என்னோடு பேசியதே எனக்கு ஆச்சரியம். என் அப்பா சைலஸ் அவருடைய கூடப்பிறந்த தம்பி. நாங்கள் இருப்பது ஒரே வீடு, லைனில் நூற்றிப் பத்தாம் நம்பர். முன்பாதி அவருக்கு, பின்பாதி எங்களுக்கு, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் வந்ததற்குக் காரணம் ஒரு போட்டோ. பெரியப்பாவின் மகன் ஃப்ரெடி கல்யாணத்தில், மேடையில் எல்லாரும் நின்று படம் எடுக்கும்போது, என் அம்மா வினோலியாவைப் பார்த்து, "இது ஃபேமிலி போட்டோ, நீ கொஞ்சம் நகரும்மா" என்றார் இந்த மனிதர். அம்மா நகர்ந்தாள். கூடவே அப்பாவும் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பா நாலு வார்த்தை கேட்டார், பெரியப்பா நாற்பது வார்த்தை சொன்னார், அடுத்த வாரம் செங்கல் வந்து இறங்கியது. அன்றிலிருந்து ஒரு கூரைக்குக் கீழே எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும். எங்கள் குக்கர் விசில் அவருக்குக் கேட்கும். அவ்வளவுதான் உறவு.

கேரலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், எங்கள் சபையில் பாட்டு நம்பருக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. மைன்ஸ் காலத்தில் கம்பெனி ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர் எழுதிக் கொடுத்தது. கொயர் அந்த நம்பரைப் பார்த்து நிற்கும், பாடும், நகரும். ஒரு நம்பருக்கு ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் ஜெபம். அதில் வீட்டிலிருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்வார்கள். பெயருக்குரியவர் 'ஆமென்' என்று குரல் கொடுக்க வேண்டும். மைன்ஸ் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது, ஷிஃப்ட்டும் இல்லை, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜும் இல்லை. இந்த நம்பர் பைத்தியம் மட்டும் போகவில்லை. எங்கள் நம்பர் எழுதியிருப்பது முன்வாசலில், அதாவது பெரியப்பா வாசலில். சுவர் வந்த பிறகு பாட்டும் ஜெபமும் அங்கேயே முடிந்துவிடும். அம்மா மட்டும் லைனைச் சுற்றிப் போய் தெரு ஓரத்தில், அவர் வாசலைத் தொடாமல், யார் வீட்டுக்கோ வந்தவள் மாதிரி நின்று பாட்டைக் கேட்டுவிட்டு வருவாள்.

இந்த வருஷம் அதற்கும் வழியில்லை. மழையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, வாக்கர் பிடித்துப் பின்வாசல் வரை வந்தாலே பெரிய விஷயம். அப்பா என்னிடம் எதையும் கேட்கிறவர் இல்லை. நவம்பர் கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"பியூலா, இந்த வருசம் நம்ம வாசலுக்கு கொயர் வரணும். உங்க அம்மாக்கு அது ஒண்ணுதான் ஆசை. நீ போடற அந்த டேபிள்ள எதுனா பண்ண முடியுமா?"

நான் பாஸ்டரிடம் போனேன்.

பாஸ்டர் சண்டைக்கு பயந்தவர். கமிட்டியைக் கூட்டி, சுற்றி வளைத்து, கடைசியில் ஒரு முடிவைச் சொன்னார். டேபிளில் எத்தனை வரிசையோ அத்தனை பாட்டு. வீட்டில் நிஜமாகவே தங்கியிருப்பவர்கள் பெயரை மட்டும்தான் போட வேண்டும், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளை எழுதி ஜெபத்தை நீட்டக் கூடாது. பெரியப்பா உடனே எழுந்தார்.

"ஒரு நம்பருக்கு ஒரு ரோ. அதான் முறை. குடும்பத் தலைவரு ஒருத்தர், மிச்சவங்க அவருக்குக் கீழ. நம்பரைப் பிரிச்சா நாளைக்கு ஒவ்வொருத்தனும் பாத்ரூமுக்குக் கூட ஒரு பாட்டு கேப்பான்."

கமிட்டி சிரித்தது. வீடுகளின் விவரத்தை நான் செய்துகொடுத்த பக்கத்தில் நிரப்புகிற பொறுப்பு செக்ரட்டரியான அவருடையது. இரண்டு நாளில் நிரப்பி முடித்தார். நம்பர் நூற்றிப் பத்தைத் திறந்து பார்த்தேன். குடும்பம் என்று ஒன்றே ஒன்று. தலைவர், எட்மண்ட். அவருக்குக் கீழே சைலஸ், வினோலியா, பியூலா.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. படத்திலிருந்து நகர்த்தின கை, பட்டியலில் எங்களைத் தன் குடிமக்களாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பாட்டு அவர் வாசலில், தலைமை அவருக்கு, நாங்கள் அவருடைய ஜனத்தொகை. ஆபீஸில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்த விவரத்தைப் பிரித்தேன். நூற்றிப் பத்து, முன்வாசல்: எட்மண்ட். நூற்றிப் பத்து, பின்வாசல்: சைலஸ், அவருக்குள் வினோலியா, பியூலா. இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டுப் பக்கத்தை ஏற்றினேன்.

டேபிளில் நம்பர், வாசல், தலைவர், வீட்டில் இருப்பவர்கள் என்று நாலு கட்டம். எங்கள் வரிசையில் நாலும் நிறைந்திருந்தன. மேல் வரிசையில் கடைசிக் கட்டம் வெள்ளையாக இருந்தது. பெரியம்மா ஜாய் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஃப்ரெடி துபாயில், அவன் தங்கை வின்னி ஓசூரில் குடும்பமாக. எட்மண்ட் என்ற தலைவருக்குள் இருந்த பட்டியல் காலி. காலிப் பட்டியலுக்கு ஒரு கோடு போட்டு மறைப்பது ஒரு வரி வேலை, எல்லாரும் செய்வதுதான். நான் செய்யவில்லை. அந்த வெள்ளைக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பெரியப்பா மறித்துக்கொண்டு நின்றார். ஷேவ் செய்யாத முகம், மேலே ஃபேக்டரியில் கொடுத்த பழைய ஸ்வெட்டர். ஹெவி இன்ஜினியரிங் ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், இன்னும் உலகமே அவருடைய ஷாப்ஃப்ளோர் என்று நினைப்பு.

"அந்த டேபிளை மாத்து."

"எதை மாத்தறது?"

"நான் குடுத்தது ஒண்ணு, நீ போட்டது ஒண்ணு. ஒரு நம்பரைப் பிரிக்க நீ யாரு?"

"நான் எங்க பிரிச்சேன்? செங்கல்லு வாங்கினது யாரு பெரிப்பா?"

"வாயை அடக்கு. பாட்டு வேணும்னா ரெண்டு வாசல்லயும் பாடட்டும், கொயர் லீடர் ரோனி கிட்ட நானே சொல்றேன். ரோவை மட்டும் ஒண்ணாப் போடு."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். பாட்டைக் கொடுக்கிறாராம், வரிசையைக் கேட்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

"அப்போ பாட்டுக்கு நீங்க சண்டை போடல. இன்னாத்துக்கு ஒண்ணாப் போடணும்? சொல்லுங்க."

"எல்லாரும் போன்ல பாக்கறாங்க. செக்ரட்டரி வூடு. ஒத்தப் பேரு போட்டு, பக்கத்துல ஒண்ணுமே இல்லாம..." அவர் நிறுத்திக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. எங்களை அவர் கீழே எழுதிக்கொண்டது அதிகாரத்துக்காக மட்டும் இல்லை. கட்டம் நிறைய ஆள் வேண்டும் அவருக்கு, சொந்த ஆள் யாரும் இல்லை. புரிந்ததும் இரக்கம் வந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு வந்தது அம்மாவின் முகம், மேடையிலிருந்து புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய முகம்.

"பாக்கறவங்க உள்ளதை நெனப்பாங்க. உங்க ஃபேமிலி போட்டோ இவ்ளோதான் பெரிப்பா. கொஞ்சம் நகருங்க, ட்ரெயினு வந்துடும்."

அவர் நகர்ந்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ட்ரெயின் பங்காருப்பேட்டை தாண்டும் வரை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வதற்கில்லை.

எங்கள் லைனுக்குக் கேரல் வந்த அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா பின்வாசலில் ஸ்டார் கட்டி, வாடகை நாற்காலி போட்டு, குல்குல் பலகாரமும் கேக்கும் தட்டில் அடுக்கியிருந்தார். அம்மா கத்தரிப்பூ நிறப் பட்டுப் புடவை கட்டி, வாக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்தில் கிட்டார் சத்தம் கேட்டது. வரிசைப்படி முதலில் அங்கேதான்.

பாட்டு முடிந்தது. கொயர் லீடர் ரோனி போனைப் பார்த்துப் பெயர் படிக்கிற குரல் சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"நூத்திப் பத்து, முன்வாசல். எட்மண்ட்."

"ஆமென்."

அடுத்த பெயருக்காக நாங்கள் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். இல்லை என்று தெரிந்தும்தான். அந்தப் பக்கத்திலும் யாரோ காத்திருந்தார்கள் போல. அப்புறம் ரோனி கனைத்துக்கொண்டு, "சரி, ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக" என்று அவசரமாக முடித்தான். யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்குவது கேட்டது.

எங்கள் வாசலில் இரண்டு பாட்டு பாடினார்கள். அம்மா கேட்ட பாட்டு ஒன்று, அவர்களாகப் பாடினது ஒன்று. மூன்று பெயர், மூன்று ஆமென். பார்த்தால் எல்லாம் நாங்கள் ஆசைப்பட்டபடிதான். கேக் எடுத்துக்கொண்டே ரோனி என்னிடம் சொன்னான்.

"ஆன்ட்டி செம்ம ஹேப்பி, இல்ல? அங்க ஸ்வல்ப பேஜாராயிடுச்சு பியூலா. அங்கிள் நம்ம பேட்ச் முழுசுக்கும் டீ போட்டு வச்சிக்கீறாரு. ஜெபம் அரை நிமிசத்துல முடிஞ்சிது, பசங்க கெளம்பிட்டாங்க. பாதிப் பேரு குடிக்கவே இல்ல."

"அவருக்கு வேணும்" என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

கொயர் போனதும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டம்ளர் கழுவுகிற சத்தம். ஒவ்வொன்றாக, நிதானமாக, முடிவில்லாமல். அப்பா ஸ்டார் லைட்டை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா வாசலிலேயே இருந்தாள்.

"அந்தக் கட்டத்துல அவரு பக்கத்துல யாரு பேரும் இல்லையா?"

"இல்ல. உண்மையிலயே யாரும் இல்லையே."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்கே எடுத்துக் காட்டினது யாரு?"

"ம்மா, உன்னை நடுக் கல்யாணத்துல அந்த மனுசன்..."

"ஆமா, நகரச் சொன்னாரு. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அவரு வந்து கால்ல வுழுந்தாலும் ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டேன்." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "ஆனா அவரு செஞ்ச அதே வேலையை நான் பெத்த பொண்ணு செய்யறா. அது எனக்குத் தாங்கல. ஒண்ணாப் போடு."

"பாட்டு நம்ம வாசலுக்கு வர்றதுக்குத்தானேம்மா பிரிச்சேன்."

"எனக்குப் பாட்டும் வேணும், அதுவும் வேணும். அத்தினி சம்பளம் வாங்கறே, ஒரு கட்டத்தை ஒட்டத் தெரியாதா உனக்கு?"

கோபமாகத்தான் லேப்டாப்பைத் திறந்தேன். மனசு மாறவில்லை, இன்றைக்கும் மாறவில்லை. நான் அந்த மனிதரிடம் பேசியது சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனால் அம்மா சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது, அதை எடுக்காமல் எனக்குத் தூக்கம் வராது. வேலை சின்னதுதான். வாசல் கட்டமும் தலைவர் கட்டமும் இரண்டிரண்டாகவே இருக்கட்டும் என்று விட்டேன். நம்பர் கட்டத்தை இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒன்றாக்கினேன். கடைசிக் கட்டத்தையும் அப்படியே நீட்டி ஒன்றாக்கி, இரண்டு குடும்பத்துக்கும் உள்ளே இருந்த ஆட்களை வெளியே எடுத்து, தலைவர்களையும் சேர்த்து, அகர வரிசையில் அடுக்கினேன். எட்மண்ட், சைலஸ், பியூலா, வினோலியா. அகர வரிசையும் அவர் பக்கம்தான். எரிச்சலோடு பக்கத்தை ஏற்றிவிட்டுப் படுத்தேன்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா சர்ச்சில் என்னைப் பார்த்தார். பேசவில்லை. ரோனியிடம் மட்டும், "டேபிள்ள லைன் நெளிஞ்சிகினு கீது, அந்தப் பொண்ணுக்கு வேலை தெரியல" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நெளியவே இல்லை. பத்து தடவை சரி பார்த்தேன்.

புது வருஷத்தன்று மதியம் பாஸ்டர் வீடு வீடாக ஜெபம் செய்ய வந்தார். அவருக்கும் அதே டேபிள்தான். முதலில் முன்வாசல். பாஸ்டருக்கு மைக் இல்லாமலே மைக் போட்ட குரல். பின்வாசலில் அம்மா வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள், நானும் அப்பாவும் பக்கத்தில்.

"நூத்திப் பத்தாம் நம்பர் வீடு. எட்மண்ட்."

"ஆமென்."

"சைலஸ்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. தம்பி பெயருக்கு வாய் திறந்து ஒரு ஆமென் சொன்னால் பெரியப்பா குறைந்துபோய்விடுவாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாஸ்டருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை போல, இன்னொரு முறை "சைலஸ்" என்றார். அப்பா தரையைப் பார்த்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் ஆமென் என்றார்.

"பியூலா."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வினோலியா."

அம்மா வாக்கரை ஒரு அடி முன்னால் தள்ளினாள். சுவருக்கு நேராக நின்றுகொண்டு, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி "ஆமென்" என்றாள்.

அப்புறம் அந்தச் சுவர் எழும்பின நாளிலிருந்து முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்து ஒரு குரல் வந்தது.

"வூட்ல ஜெபம் நடக்குது. கத்தாம சொல்ல முடியாதா உங்களுக்கு?"

"முடியாது" என்றாள் அம்மா.